கெர்னல் அப்டேட்டுக்குப் பிறகு வைஃபை காணாமல் போனால்: முதல் ரீபூட்டிலிருந்து முழுமையான வழிகாட்டி

2024 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ராத்திரி எட்டரை மணி இருக்கும். பெங்களூரு அல்சூரில் எங்கள் மேல்வீட்டு அக்கா கதவைத் தட்டினார். பின்னால் அவருடைய பையன், லினக்ஸ் ஓடும் லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி.

"தம்பி, கொஞ்சம் பாருப்பா. இவனுக்கு நாளைக்குக் காலையில பத்து மணிக்கு இன்டர்வியூ. மத்தியானம் வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. கடையில காட்டினோம், வைஃபை கார்டு போயிடுச்சு, மாத்தணும்ங்கறாங்க."

பையனிடம் கேட்டேன். "அப்டேட் கேட்டுச்சு அண்ணா, குடுத்தேன். ரீஸ்டார்ட் ஆனதுக்கப்புறம் வைஃபையே இல்ல."

செட்டிங்ஸைத் திறந்தால் வைஃபை பக்கத்தில் 'நோ வைஃபை அடாப்டர் ஃபவுண்ட்' என்று ஒற்றை வரி. இந்த வரியை நம்பி சிஸ்டத்தையே ஃபார்மேட் செய்தவர்களை எனக்குத் தெரியும். நல்ல கார்டைக் கழற்றிவிட்டு வேறு கார்டு போட்டவர்களும் உண்டு. அப்டேட் முடிந்து ரீஸ்டார்ட் ஆனவுடன் வைஃபை போயிருந்தால் கார்டு செத்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நேற்றுவரை ஓடிய கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி, வன்பொருளை இயக்குவது இதுதான்) பெரும்பாலும் உங்கள் டிஸ்க்கிலேயே பத்திரமாக இருக்கிறது. அதை ஒருமுறை ஏற்றிப் பாருங்கள், கோளாறு கார்டிலா மென்பொருளிலா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஊரில் இருக்கும் சித்தப்பா பையனுக்குப் போனில் சொல்வதுபோலவே கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினல் என்ற கட்டளைத் திரையில் கட்டளைகளை எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். இடைவெளி இருக்கும் இடத்தில் இடைவெளி, கோடு இருக்கும் இடத்தில் கோடு. உபுண்டு என்ற லினக்ஸ் வகையை வைத்துத்தான் சொல்கிறேன். மின்ட்டுக்கு ஏறக்குறைய அப்படியே பொருந்தும். மற்றவற்றில் எது மாறும் என்பதைக் கடைசிக்குச் சற்று முன் சொல்கிறேன்.

ஏன் இப்படி ஆகிறது

கார்டு போன்ற வன்பொருளை இயக்கும் டிரைவர்கள் மாட்யூல் என்ற கோப்புகளாக, ஒவ்வொரு கெர்னல் பதிப்புக்கும் தனித்தனி ஃபோல்டரில் இருக்கின்றன. 6.2-க்காகக் கட்டிய மாட்யூல் 6.5-இல் ஏறாது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் நாம் பயன்படுத்தும் நிரல்களைக் கெர்னல் மாற்றம் உடைக்கக் கூடாது என்பதில் மிகக் கறாரானவர். ஆனால் கெர்னலுக்கு உள்ளே டிரைவர்கள் கூப்பிடும் ஃபங்ஷன்களுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது, அவை பதிப்புக்குப் பதிப்பு மாறும். கெர்னல் மூலத்தோடு சேர்ந்து வரும் டிரைவர் என்றால், ஃபங்ஷனை மாற்றுகிறவரே டிரைவரையும் சேர்த்துத் திருத்திவிடுவார். வெளியிலிருந்து நாம் கொண்டுவந்து போட்ட டிரைவரை அங்கே யாரும் திருத்த மாட்டார்கள். அதைப் புதிய கெர்னலுக்காக மறுபடியும் கம்பைல் செய்தாக வேண்டும், அதாவது மூல நிரலிலிருந்து கட்டியாக வேண்டும்.

கிட்ஹப்பிலிருந்து இறக்கி 'மேக் இன்ஸ்டால்' கொடுத்துக் கையால் போட்ட டிரைவர் அன்றைக்கு ஓடிய கெர்னலின் ஃபோல்டருக்குள் மட்டும்தான் உட்காரும். அடுத்த கெர்னல் வந்ததும் காணாமல் போகும். இந்த மறுகம்பைல் வேலையைத் தானாகச் செய்யத்தான் டிகேஎம்எஸ் என்ற கருவி இருக்கிறது. அதுவும் சில சமயம் தோற்றுப் போகும், எப்படி என்பதைக் கீழே விரிவாகப் பார்ப்போம்.

படி 1: பழைய கெர்னலை ஏற்றுங்கள்

முதலில் இப்போது ஓடும் கெர்னல் எது என்று குறித்துக்கொள்ளுங்கள்:

யூநேம் -ஆர்

பிறகு ரீஸ்டார்ட். கம்பெனி லோகோ வந்து போகும் நேரத்தில் எஸ்கேப் கீயை ஒருமுறை தட்டுங்கள். பழைய பயாஸ் முறையில் பூட் ஆகும் கணினி என்றால் ஷிஃப்டை அழுத்திப் பிடியுங்கள். எந்தக் கெர்னலை ஏற்றுவது என்று கேட்கும் க்ரப் மெனு வரும். பதற்றத்தில் எஸ்கேப்பை நாலைந்து முறை தட்டிவிட்டு, மெனு இல்லாமல் வெறும் 'க்ரப்' என்று நிற்கும் கறுப்புத் திரையில் மாட்டிக்கொள்வோர் பலர். அங்கே 'நார்மல்' என்று தட்டி என்டர் கொடுத்து, உடனே எஸ்கேப்பை ஒரேயொரு முறை தட்டினால் மெனு திரும்பிவிடும்.

மெனுவில் 'அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ் ஃபார் உபுண்டு'. உள்ளே பதிப்பு எண்கள் வரிசையாக இருக்கும். இரண்டாவது எண்ணைத் தேர்ந்தெடுங்கள். 'ரெக்கவரி மோட்' என்று முடியும் வரி வேண்டாம், அதே எண்ணின் சாதாரண வரிதான் வேண்டும்.

வைஃபை வந்துவிட்டதா? அப்படியானால் கார்டு நன்றாக இருக்கிறது. அன்றைக்கு மேல்வீட்டுப் பையனின் லேப்டாப் 6.2-இல் ஏறியதும் மேல்மூலையில் அந்த விசிறி ஐகான் வந்தது. இன்டர்வியூவுக்கு இதுவே போதும், புதிய கெர்னலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்ன பிறகுதான் அக்கா நாற்காலியில் உட்கார்ந்தார். அவசர வேலை இருப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொண்டு, வேலை முடிந்த பின் மீதியைச் செய்யலாம்.

ஒரு எச்சரிக்கை: விஷயம் சரியாகும்வரை 'ஆட்டோரிமூவ்' கட்டளையைத் தொடாதீர்கள். தேவையில்லை என்று அது கழிக்கிற பழைய கெர்னல்தான் இப்போது உங்கள் ஒரே பிடிமானமாக இருக்கக்கூடும்.

படி 2: போனிலிருந்து இணையம்

பழைய கெர்னல் இல்லை, அல்லது அதிலும் வைஃபை வரவில்லை என்றால் சரிசெய்வதற்கே இணையம் வேண்டும். ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி, ஹாட்ஸ்பாட் பக்கத்தில் 'யூஎஸ்பி டெதரிங்'கை ஆன் செய்யுங்கள். லினக்ஸ் அதை வயர்ட் இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும், தனி டிரைவர் வேண்டாம். பலருக்குத் தெரியாத ஒன்று: போன் வீட்டு வைஃபையில் இருந்தால் அந்த இணைப்பையே கேபிள் வழியாக லேப்டாப்புக்குக் கொடுக்கும், மொபைல் டேட்டா செலவாகாது. கேபிள் மட்டும் டேட்டா போகிற கேபிளாக இருக்க வேண்டும். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளில் டெதரிங் பொத்தான் மங்கலாகவே நிற்கும்.

படி 3: கெர்னல் கார்டைப் பார்க்கிறதா

இப்போது புதிய கெர்னலில் ஏறி இதைத் தட்டுங்கள்:

எல்எஸ்பிசிஐ -என்என்கே

நீளமாக வரும். 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' என்று தொடங்கும் பகுதியைத் தேடுங்கள். அதன் முதல் வரியில் கார்டின் பெயரும், சதுர அடைப்புக்குள் ஒரு எண் ஜோடியும் இருக்கும். ஜோடியின் முதல் பாதி தயாரிப்பாளரைச் சொல்லும்: 8086 என்றால் இன்டெல், 10இசி என்றால் ரியல்டெக், 14இ4 என்றால் பிராட்காம், 14சி3 என்றால் மீடியாடெக். இந்த எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இணையத்தில் தேடும்போது லேப்டாப் மாடலைவிட இது பத்து மடங்கு உதவும், ஏனென்றால் ஒரே மாடலில் வேறு வேறு கார்டு போட்டு விற்கிறார்கள்.

அதற்குக் கீழே இரண்டு வரிகளைப் பாருங்கள். 'கெர்னல் மாட்யூல்ஸ்' என்பது இந்தக் கார்டுக்குப் பொருந்தும் டிரைவர்கள். 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்பது இப்போது உண்மையில் பிடித்திருக்கும் டிரைவர். மேல்வீட்டுப் பையனின் லேப்டாப்பில் கார்டு ரியல்டெக் ஆர்டிஎல்8821சிஇ, எண் 10இசி:சி821. புதிய கெர்னலில் மாட்யூல்ஸ் வரி இருந்தது, இன் யூஸ் வரி இல்லை. கார்டு கண்ணுக்குத் தெரிகிறது, பிடிக்க டிரைவர் இல்லை என்று அர்த்தம். கார்டு போயிடுச்சு என்று கடையில் சொன்னது தவறு என்பது அந்த ஒரு வரி இல்லாததிலேயே உறுதியானது.

உங்களுக்கு நெட்வொர்க் கன்ட்ரோலர் பகுதியே வரவில்லை என்றால், பழைய கெர்னலிலும் இதே கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். அங்கும் இல்லையென்றால்தான் வன்பொருளைச் சந்தேகிக்கலாம். அதற்கு முன் இரண்டு வேலை. விண்டோஸும் சேர்த்து வைத்திருந்தால் அதன் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'பை அணையுங்கள். அது கணினியை முழுதாக அணைக்காமல் பாதித் தூக்கத்தில் விடுவதால் கார்டு குழம்பிய நிலையில் லினக்ஸிடம் வந்து சேரும். பிறகு ஷட்டவுன் செய்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். யூஎஸ்பி டாங்கிள் (வெளியே செருகும் வைஃபை கருவி) வைத்திருப்பவர்களுக்குக் கட்டளை 'எல்எஸ்யூஎஸ்பி'.

படி 4: தோற்றுப்போன பூட் சொல்வதைப் படியுங்கள்

பழைய கெர்னலில் வைஃபையோடு உட்கார்ந்துகொண்டே, முந்தைய பூட்டில் புதிய கெர்னல் என்ன சொன்னது என்று படிக்க முடியும்:

ஜர்னல்சிடிஎல் -கே -பி -1

இந்த 'பி' பெங்களூருக்கு வருகிற பி. கடைசி எண் ஒன்று, முன்னால் கோட்டோடு. அதே கட்டளையில் -1 இல்லாமல் கொடுத்தால் இப்போதைய பூட்டின் செய்தி. வேலை செய்த பூட், செய்யாத பூட் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டிரைவரின் பெயர் ஒன்றில் வந்து மற்றொன்றில் வராமல் இருக்கும், அல்லது வந்து சிவப்பில் முறையிட்டிருக்கும்.

இன்டெல் கார்டு வைத்திருப்பவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 'ஐடபிள்யூஎல்வைஃபை' டிரைவர் தனக்குத் தெரிந்த மிகப் புதிய ஃபர்ம்வேர் (கார்டுக்குள் ஏற்றும் மென்பொருள்) கோப்பை முதலில் கேட்கும், கிடைக்காவிட்டால் ஒரு எண் கீழே இறங்கி அடுத்ததைக் கேட்கும். ஒவ்வொரு முறை கிடைக்காதபோதும் 'ஃபெயில்ட் வித் எரர் -2' என்று ஒரு வரி எழுதிவைக்கும். -2 என்றால் அந்தப் பெயரில் கோப்பு இல்லை என்பது மட்டுமே. கடைசியில் ஒரு கோப்பு கிடைத்து 'லோடட் ஃபர்ம்வேர் வெர்ஷன்' என்று வந்துவிட்டால் அந்த முந்தைய வரிகள் எல்லாம் ஒன்றுமேயில்லை. பயப்பட வேண்டிய வரி 'நோ சூட்டபிள் ஃபர்ம்வேர் ஃபவுண்ட்'. இது வந்தால் லினக்ஸ்-ஃபர்ம்வேர் பேக்கேஜை அப்டேட் செய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள்:

சூடோ ஏபிடி இன்ஸ்டால் லினக்ஸ்-ஃபர்ம்வேர்

டெபியனில் இன்டெல் கார்டுக்குப் பேக்கேஜ் பெயர் ஃபர்ம்வேர்-ஐடபிள்யூஎல்வைஃபை. 2023 ஜூனில் வந்த டெபியன் 12-இலிருந்து இவை 'நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்' என்ற தனிப் பிரிவுக்குப் போய்விட்டன. 11-இலிருந்து ஏறியவர்கள் சோர்ஸஸ் பட்டியலில் அந்தச் சொல்லைச் சேர்க்காவிட்டால் ஃபர்ம்வேர் அப்டேட்டே வராது.

படி 5: டிகேஎம்எஸ் எங்கே தடுக்கி விழுந்தது

ரியல்டெக், பிராட்காம் கார்டுகளில் அதிகம் நடப்பது இதுதான்.

டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்

மேல்வீட்டு லேப்டாப்பில் வந்தது ஒரே வரி. 6.2-க்கு 'இன்ஸ்டால்ட்'. 6.5-க்கு எதுவுமே இல்லை. அதாவது புதிய கெர்னல் வந்தபோது டிரைவரைக் கம்பைல் செய்ய முயன்று தோற்றிருக்கிறது. காரணம் ஒரு கோப்பில் எழுதப்பட்டிருக்கும். இடம்: /வார்/லிப்/டிகேஎம்எஸ், அதற்குள் டிரைவரின் பெயர், பதிப்பு, பில்ட், அதில் மேக்.லாக். கடைசியிலிருந்து மேலே படியுங்கள், முதலில் கண்ணில் படும் எரர் வரிக்கு மேலேயும் ஓர் எரர் இருக்கும். அந்த மேல் வரிதான் மூல காரணம்.

எங்களுக்குக் கிடைத்தது: 'ஜிசிசி-12 நாட் ஃபவுண்ட்'. உபுண்டு 22.04-இன் வழக்கமான கம்பைலர் ஜிசிசி 11. அதற்கு வந்த 6.5 கெர்னலோ ஜிசிசி 12-ஆல் கட்டப்பட்டது, டிரைவரையும் அதே கம்பைலரால் கட்டக் கேட்டது. அது அந்த லேப்டாப்பில் இல்லை.

சூடோ ஏபிடி இன்ஸ்டால் ஜிசிசி-12

பிறகு புதிய கெர்னலின் முழுப் பதிப்பு எண்ணைக் கொடுத்து:

சூடோ டிகேஎம்எஸ் ஆட்டோஇன்ஸ்டால் -கே, அடுத்து அந்த எண்

சில நிமிடம் ஓடியது. ரீஸ்டார்ட் செய்து 6.5-இல் ஏறினோம், வைஃபை வந்தது. மணி பத்தேகால்.

கம்பைலர் குறை இல்லையென்றால் அடுத்து பார்க்க வேண்டியது ஹெடர்கள், அதாவது கெர்னலின் உள் ஃபங்ஷன்களை டிரைவருக்குச் சொல்லும் கோப்புகள். டிரைவரைக் கட்டக் கெர்னல் ஹெடர் பேக்கேஜ் வேண்டும், அதன் பதிப்பும் கெர்னல் பதிப்பும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். 'லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனரிக்' போட்டிருந்தாலும், நீங்கள் ஓட்டுவது ஹெச்டபிள்யூஇ கெர்னல் (பழைய உபுண்டு வெளியீட்டுக்குப் பின்னால் வரும் புதிய கெர்னல்) என்றால் அதற்குரிய ஹெச்டபிள்யூஇ ஹெடர் பேக்கேஜ் வேண்டும். அதையும் போட்ட பின் கம்பைல் ஆகவில்லை, லாக்கில் ஃபங்ஷன் பெயர்களைச் சொல்லி எரர் வருகிறது என்றால், உங்கள் டிரைவர் பதிப்பு அந்தக் கெர்னலுக்குப் பழையது. டிரைவரின் புதிய பதிப்பு வரும்வரை பழைய கெர்னலில் இருப்பதே சரி.

இன்னொன்று, இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஆர்டிஎல்8821சிஇ-க்கு 5.9 கெர்னலிலிருந்தே ஆர்டிடபிள்யூ88 என்ற டிரைவர் கெர்னலோடு வருகிறது. பையன் பழைய குறிப்பு ஒன்றைப் பார்த்து வெளி டிரைவரைப் போட்டபோது, இரண்டும் மோதாமல் இருக்க அந்தக் கெர்னல் டிரைவரை பிளாக்லிஸ்ட் செய்து ஏறவிடாமல் தடுத்திருந்தான். அதனால்தான் வெளி டிரைவர் கம்பைல் ஆகாத அன்றைக்கு உள்ளிருந்த டிரைவரும் எழுந்து வரவில்லை. /இடிசி/மாட்ப்ரோப்.டி ஃபோல்டருக்குள் 'பிளாக்லிஸ்ட்' என்று தொடங்கும் வரிகளில் உங்கள் கார்டின் டிரைவர் பெயர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வெளி டிரைவரை நீக்கி, அந்த வரியின் முன்னால் ஒரு ஹேஷ் குறி போட்டு, ரீஸ்டார்ட் செய்து கெர்னல் டிரைவரையே ஓடவிட்டுப் பாருங்கள். வேகம் கொஞ்சம் குறைந்தாலும் நான் கெர்னல் டிரைவரைத்தான் எடுப்பேன். அடுத்த அப்டேட்டில் அதைத் திருத்தியே அனுப்புவார்கள். அடுத்த வாரம் பையனுக்கும் அப்படியே மாற்றிக் கொடுத்தேன்.

படி 6: செக்யூர் பூட் மறுத்தால்

டிரைவர் கட்டப்பட்டிருக்கிறது, ஆனால் 'சூடோ மாட்ப்ரோப்', அடுத்து டிரைவரின் பெயர் கொடுத்து ஏற்றினால் 'கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்' என்று வருகிறதா? கையொப்பமில்லாததை ஏறவிடாத செக்யூர் பூட் ஆனில் இருக்கிறது, மாட்யூலுக்குக் கணினி ஏற்கும் கையொப்பம் இல்லை.

மாக்யூட்டில் --எஸ்பி-ஸ்டேட்

ஆனில் இருந்தால் இது உறுதிசெய்யும். உபுண்டு இந்தக் கையொப்பத்துக்காக ஒரு சாவியை உருவாக்கி, ஒரு பாஸ்வேர்டு கேட்கும். அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலத் திரை ஒன்று சில விநாடிகள் நிற்கும். 'என்ரோல் மாக்' என்பதைத் தேர்ந்து அந்தப் பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். என்ன திரை என்று தெரியாமல் 'கன்டினியூ' கொடுத்தவர்களுக்குச் சாவி பதிவாகியிருக்காது. அவர்கள் மறுபடி தொடங்க:

சூடோ அப்டேட்-செக்யூர்பூட்-பாலிசி --என்ரோல்-கீ

செக்யூர் பூட்டை பயாஸில் அணைத்துவிட்டாலும் வேலை செய்யும். ஆபீஸ் லேப்டாப் என்றால் அதைச் செய்யாதீர்கள், ஐடி டீமிடம் கேளுங்கள்.

படி 7: அப்டேட்டே பாதியில் நின்றிருந்தால்

கரண்ட் போய், பேட்டரியும் தீர்ந்து, அப்டேட் நடுவில் அணைந்த கணினிகளில் கெர்னல் மட்டும் வந்து மாட்யூல்கள் வராமல் போகும். உபுண்டுவில் பெரும்பாலான வைஃபை டிரைவர்கள் கெர்னல் பேக்கேஜுக்குள் இருப்பதில்லை, 'லினக்ஸ்-மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா' என்ற தனிப் பேக்கேஜில் வருகின்றன. கெர்னலை எண் கொடுத்துக் கையால் போட்டவர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். முதலில் நின்றுபோன வேலையை முடியுங்கள்:

சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ

பிறகு மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா பேக்கேஜை, யூநேம் காட்டிய அதே எண்ணோடு இன்ஸ்டால் செய்யுங்கள். 'நோ ஸ்பேஸ் லெஃப்ட்' என்று வந்தால் /பூட் பகுதி நிறைந்திருக்கிறது. அங்கே மிகப் பழைய கெர்னலை ஏபிடி வழியாக நீக்குங்கள். கோப்பு மேலாளரில் திறந்து கையால் அழிக்காதீர்கள், வேலை செய்யும் கெர்னலை எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள்.

படி 8: எல்லாம் இருந்தும் இணையவில்லை என்றால்

டிரைவர் பிடித்திருக்கிறது, எரரும் இல்லை. அப்போது 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' கொடுத்து, வைஃபை அணைத்து வைக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள். 'சாஃப்ட் பிளாக்ட் எஸ்' என்றால் 'ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை'. 'ஹார்ட் பிளாக்ட்' என்றால் லேப்டாப்பின் பக்கவாட்டுச் சுவிட்சையோ விமானப் படமுள்ள கீயையோ பாருங்கள். 'என்எம்சிஎல்ஐ டிவைஸ்' கொடுத்து வைஃபைக்கு நேரே 'அன்மேனேஜ்ட்' என்று வந்தால் நெட்வொர்க்மேனேஜரிடம் கார்டு ஒப்படைக்கப்படவில்லை.

இணைந்து இணைந்து அறுந்தால் பவர் சேவிங்கைச் சந்தேகியுங்கள். /இடிசி/நெட்வொர்க்மேனேஜர்/கான்ஃப்.டி ஃபோல்டரில் (இதில் என், எம் இரண்டும் பெரிய எழுத்து) பவர்சேவ் பற்றிய கோப்பில் 3 என்று இருப்பதை 2 ஆக்கி, நெட்வொர்க்மேனேஜரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். 2 என்றால் பவர் சேவிங் அணைந்தது என்று பொருள்.

ஃபெடோரா, ஆர்ச் வைத்திருப்பவர்களுக்கு

ஃபெடோரா மூன்று கெர்னல்களை வைத்திருக்கும், பழையதற்குத் திரும்புவது எளிது. ஆர்பிஎம் ஃப்யூஷன் என்ற வெளிக் களஞ்சியத்திலிருந்து வரும் டிரைவர்களை, டிகேஎம்எஸ் போன்ற ஏகேமாட்ஸ் என்ற கருவி கட்டுகிறது. அப்டேட் முடிந்தவுடனே ரீஸ்டார்ட் செய்யாமல் ஐந்து நிமிடம் கொடுங்கள், அது பின்னணியில் கட்டி முடிக்கட்டும்.

ஆர்ச்சில் கதை வேறு. புதிய கெர்னல் வந்ததும் பழையதன் மாட்யூல் ஃபோல்டர் அழிந்துவிடும். அப்டேட்டுக்குப் பின் ரீஸ்டார்ட் செய்யாமலே டாங்கிளைச் செருகினால் டிரைவர் கிடைக்காது, ரீஸ்டார்ட் செய்தாலே சரியாகும். திரும்பிப்போகப் பழைய கெர்னல் இல்லாததால் லினக்ஸ்-எல்டிஎஸ் என்ற நீண்டகால ஆதரவுக் கெர்னல் பேக்கேஜையும் இப்போதே போட்டுவையுங்கள்.

கொஞ்ச காலம் பழைய கெர்னலில் இருக்க வேண்டியிருந்தால்

/இடிசி/டிஃபால்ட்/க்ரப் கோப்பில் க்ரப் டிஃபால்ட் (முழுதும் பெரிய எழுத்து, இடையில் அடிக்கோடு) என்ற வரியை 'சேவ்ட்' என்று மாற்றி, அதற்கடுத்து அதேபோல க்ரப் சேவ்டிஃபால்ட் 'ட்ரூ' என்று ஒரு வரி சேர்த்து, 'சூடோ அப்டேட்-க்ரப்' கொடுங்கள். மெனுவில் கடைசியாக எதைத் தேர்ந்தீர்களோ அதுவே அடுத்த முறையும் வரும். ஏபிடி-மார்க் ஹோல்ட் வைத்துக் கெர்னல் அப்டேட்டையே நிறுத்தவும் முடியும், ஆனால் அதோடு பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றுவிடும். நிறுத்திய தேதியைக் காலண்டரில் எழுதிவைத்து, மாதம் ஒருமுறை எடுத்துப் பார்க்கச் சொல்வேன். கெர்னலோடு வரும் டிரைவரே உடைந்திருந்தால் 'உபுண்டு-பக் லினக்ஸ்' கட்டளையால் புகார் அனுப்புங்கள். வேலை செய்த பதிப்பு எது, செய்யாத பதிப்பு எது என்ற இரண்டு எண்களும் அதில் இருக்கட்டும். திருத்துகிறவர் அந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் தேடத் தொடங்குவார்.

எதுவும் சரிவராமல் யூஎஸ்பி டாங்கிள் வாங்க பெங்களூருவின் மின்னணுக் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டுக்குப் போகிறீர்கள் என்றால், பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தைப் பார்த்து வாங்காதீர்கள். உள்ளே என்ன சிப் என்று கேளுங்கள். மீடியாடெக் எம்டி7612யூ என்றால் 4.19 கெர்னலிலிருந்தும், எம்டி7921ஏயூ என்றால் 5.18-இலிருந்தும் டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. டிரைவர் சிடி தருகிறோம் என்று சொல்லும் டாங்கிளைவிட, செருகியவுடன் தானாக ஓடுகிற இவற்றுக்கு நூறு இருநூறு கூடுதலாகக் கொடுக்கலாம். லேப்டாப்பையும் கூடவே எடுத்துப்போய், கடையிலேயே செருகி, படி 3-இல் சொன்ன எல்எஸ்யூஎஸ்பி கட்டளையைத் தட்டிப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.